கோல் ஒரு வீட்டில், வலை ஒரு வீட்டில்

“கரண்டு படிச்ச புள்ளைக்கு மாந்தோப்புல என்னா வேல?”

முதல் நாள் தோப்புக்குள் நான் நுழைந்தபோது மாதம்மாக்கா கேட்ட கேள்வி இது. என்னிடம் கேட்கவில்லை. பக்கத்தில் கோணியை உதறிக்கொண்டிருந்த சலேத்தக்காவிடம், என் காதில் விழும்படி கேட்டார்.

“ஃபேன் மாட்ட வந்திருக்கும். நமக்கு வேத்து ஊத்துதில்ல,” என்றார் சலேத்தக்கா.

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை நேராக்கிக்கொண்டு, கையிலிருந்த நோட்டைத் திறந்தேன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர், அம்மா தக்காளித் தோட்டத்துக்குப் போனவர். சிங்காரப்பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த ஒரே பெண் நான். அதுவும் மின்னியல். சிரிப்பதற்கு நான் என்ன கோமாளியா என்று அன்று நினைத்தேன்.

ஒன்பது சீசன் அந்த வேலையில் இருந்துவிட்டு இந்த ஆண்டு விலகிவிட்டேன். முப்பத்தொரு வயதில் ஓய்வு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் பதிலாகச் சேர்ந்திருக்கும் மூன்று பெண்கள் ஒரு நாள் கேன்டீனில் வந்து உட்கார்ந்து, “அக்கா, பறிக்கிற ஆளுங்கள எப்படி வேலை வாங்குறதுன்னு எழுதிக் குடுங்க,” என்று கேட்டார்கள். கேட்டதை அப்படியே எழுதித்தர என்னால் முடியவில்லை. நான் வேலை வாங்கிய விதத்தில் ஒரு பெண்ணின் கை போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போச்சம்பள்ளியைச் சுற்றியுள்ள தோப்புகளில் பெங்களூரா மாங்காய் பார்த்து, பறிக்க ஆள் சேர்த்து, லாரி ஏற்றி, எங்கள் மாம்பழக்கூழ் ஆலைக்கு அனுப்ப வேண்டும். காயை அறுத்துக் கொட்டை முற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும், காம்பைக் கட்டைவிரல் நீளம் விட்டுப் பறித்தால் பால் வடிந்து தோல் கருகாது என்பதும் முதல் சீசனிலேயே வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோலை எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பது.

எங்கள் பக்கத்தில் மாங்காய் பறிப்பவர்கள் ஜோடியாகத்தான் வருவார்கள். மூங்கில் கோலின் நுனியில் ஒரு இரும்பு வளையம், அதில் சின்னக் கத்தி, கீழே வலை. ஒருத்தி கோலைப் பிடித்துப் பறிப்பாள். இன்னொருத்தி பத்தடி தள்ளி நின்று மேலே பார்ப்பாள். கோல் பிடிப்பவளின் கழுத்து அண்ணாந்தே இருக்கும். கண்ணில் வெயில், முகத்தில் மாம்பால், நெற்றியில் எறும்பு. வலைக்கு அப்பால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தள்ளி நிற்பவள்தான் சொல்ல வேண்டும். “இடக்கை பக்கம் ஒண்ணு… இன்னும் கொஞ்சம்… அது சொத்த, வுட்டுடு… கொம்பு, கொம்பு!”

மற்ற நேரமெல்லாம் பேச்சு கோல் பிடிப்பவளுடையது. தெருச் சண்டை, மாமியார், சம்பந்தி வீட்டுச் சாப்பாடு எல்லாம் அண்ணாந்தபடியே வரும். பார்ப்பவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பாள். ஆபத்து இருந்தால் மட்டும் கத்துவாள். அவள் கத்தவில்லை என்றால் மேலே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

மாதம்மாக்காவும் சலேத்தக்காவும் ஒரே ஆண்டில் ஒரே தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அன்றிலிருந்து ஜோடி. கோல் மாதம்மாக்கா வீட்டில் இருக்கும், வலை சலேத்தக்கா வீட்டில் இருக்கும். காலையில் தோப்பில் வந்து முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் அவிழ்த்து ஆளுக்கொன்றாக எடுத்துப் போவார்கள். எல்லா ஜோடிகளும் இப்படித்தான் செய்தார்கள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

“ரெண்டையும் ஒரே வீட்ல வெச்சா என்னக்கா? ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா இன்னொருத்தராவது வரலாமில்ல?”

“அதுக்குத்தான் பாப்பா வெக்கிறதில்ல,” என்றார் மாதம்மாக்கா.

“இவ தனியா வந்து சம்பாரிச்சிட்டான்னா அப்புறம் என்ன மதிப்பாளா?” என்றார் சலேத்தக்கா. “ஞாயித்துக்கெழம பூசைக்கு நான் போனா இவளும் தோப்புக்கு வரமாட்டா. மாரியம்மன் பண்டிகைக்கு இவ போனா எனக்கும் லீவு. ரெண்டு சாமி லீவு எங்களுக்கு. ஒனக்கு எத்தினி லீவும்மே?”

இதை ஒரு வேடிக்கையாக நோட்டில் எழுதிவைத்திருந்தேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

எட்டாவது சீசனில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். நாகராஜ் சார். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இருந்தவர். வீட்டில் தெலுங்கு, தோப்புக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒரு நாளும் குரலை உயர்த்தமாட்டார். யாரையாவது கண்டிக்கக் கூப்பிட்டால் முதலில் டப்பாவைத் திறந்து பிஸ்கட் நீட்டுவார். எதிரில் இருப்பவர் ஒன்றை எடுத்துக் கடிக்கும்வரை பேச ஆரம்பிக்கமாட்டார். வாயில் பிஸ்கட்டோடு யாராலும் எதிர்த்துப் பேச முடியாது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. மேசைமேல் மூன்று பென்சில், மூன்றும் ஒரே நீளம். என்னைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். “நம்ம டிப்ளமோ” என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது.

ஒரு நாள் என் கையில் நிறுத்துகடிகாரத்தைக் கொடுத்து, “தோப்புல ஒரு நாள் முழுக்க நில்லு. எந்தக் கை வேலை செய்யுது, எந்தக் கை சும்மா நிக்குதுன்னு மட்டும் எழுது,” என்றார்.

எழுதினேன். கட்டம் கட்டி, அழகாக. பார்ப்பவளின் கை முக்கால்வாசி நேரம் இடுப்பில் இருந்தது. நாகராஜ் சார் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, பென்சிலால் அந்த வரிசையின் கீழே ஒரு கோடு போட்டார்.

“பாதி ஆளு நின்னுட்டே இருக்காங்க டிப்ளமோ. ஏன்?”

“கோல் கனம் சார். ரொம்ப நேரம் புடிக்க முடியாது, மாத்திக்கணும். மூங்கில்.”

“அப்ப கனமில்லாத கோல் குடு.”

கனமில்லாத கோலைத் தேடிப் பிடித்தது நான்தான். அலுமினியக் குழாய், மூன்று அடுக்கு, இழுத்தால் நீளும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மூங்கிலைவிட ஏழெட்டு அடி கூடுதல் உயரம். ஒரு கையால் தூக்கலாம். வந்து இறங்கிய நாள் எனக்கு அவ்வளவு பெருமை. ஆளுக்கு ஒரு கோல், தனித்தனி மரம், யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம் என்று தோப்பில் நின்று ஒரு சிறிய உரையே ஆற்றினேன்.

மாதம்மாக்கா குழாயைத் தட்டிப் பார்த்தார். “டங்குனு சத்தம் வருதே. பாத்திரம் மாதிரி.”

“பாத்திரம் செய்யற அலுமினியந்தான்க்கா. துருப்பிடிக்காது.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். மின்சாரம் படித்த நான் சொன்னேன். முதலாண்டில் மின்கடத்திகளின் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். தலைக்கு மேலே போகும் மின்கம்பியும் அலுமினியம்தான் என்று தேர்வில் எழுதியவள். அந்தத் தோப்பின் நடுவில் உயரழுத்தக் கம்பி போய்க்கொண்டிருந்தது. கம்பி தாழ்ந்து தொங்கவில்லை, இருக்க வேண்டிய உயரத்தில்தான் இருந்தது. அதன் கீழ்வரிசை மரங்களின் உச்சிக் காய்க்குப் பறிப்பவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கம்பிக்காய். அதை யாரும் பறிக்கமாட்டார்கள், கிளிக்கு விட்டுவிடுவார்கள். மூங்கிலுக்கு அது எட்டவும் எட்டாது. நான் அதையும் கட்டம் கட்டி, ‘மரத்தில் வீணாக விடும் காய்’ என்று எழுதியிருந்தேன்.

இதை இப்போது எழுதும்போதுகூட என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. படித்தது ஒரு அறையிலும் வேலை இன்னொரு அறையிலும் இருந்ததா? நடுவில் கதவே இல்லையா?

முதல் வாரம் மாதம்மாக்கா என் பேச்சைக் கேட்கவில்லை. தனக்குக் கொடுத்த அலுமினியக் கோலை மரத்தில் சாத்தி வைத்துவிட்டு, சலேத்தக்கா பறிக்கும் மரத்தடியில் வழக்கம்போலத் தள்ளி நின்று பார்த்தார். வீட்டிலிருந்து மூங்கில் கோலையும் தூக்கி வந்தார். சலேத்தக்காவும் தன் வலையைக் கொண்டுவந்து அலுமினியக் கோலில் கட்டினார். கேட்டதற்கு, “பழக்கமாயிடுச்சு,” என்றார்கள். மற்ற ஜோடிகள் பிரிந்துவிட்டன. இந்த ஜோடி மட்டும் என் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

அந்த விபத்து நடந்த நாள், காலை பதினொரு மணி இருக்கும். லாரி பாதிகூட நிறையவில்லை. நாகராஜ் சார் போனில், எப்போதும் போல மெதுவாக, “யாரு நிக்கறாங்க டிப்ளமோ?” என்று மட்டும் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். நின்றது மாதம்மாக்காதான்.

சலேத்தக்கா கோலை முழு நீளத்துக்கும் இழுத்து உச்சிக் காய்க்கு விட்டிருந்தார். உச்சியை விடாதீர்கள் என்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். அண்ணாந்தபடி மகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேலை நிற்கக்கூடாது என்று நான் சத்தம் போடாமல் மாதம்மாக்காவைச் சைகையால் கூப்பிட்டேன். அவர் சலேத்தக்காவைக் காட்டி, இருக்கட்டும் என்பது போலக் கையசைத்தார். நானே அருகில் போனேன்.

“அக்கா, அந்த மரம் சும்மா நிக்குது. போங்க.”

“அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு…”

“நான் சொல்லிக்கிறேன். நீங்க போங்கக்கா. லாரி நிக்குது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு நாலாவது மரத்துக்கு நடந்தார். நான் சலேத்தக்காவிடம் சொல்லவில்லை. காய் நிரப்பிய கிரேட்டுகளை லாரியில் ஏற்றுபவர் ஏதோ கேட்டார், அவருக்குப் பதில் சொல்லத் திரும்பிவிட்டேன்.

பின்னால் சலேத்தக்காவின் குரல் கேட்டது. “…அவ டீச்சரு சொன்னாங்களாம், இந்தப் புள்ளய நர்சுக்குப் படிக்க வையுங்கன்னு. எங்கூட்டுக்காரரு ஊசின்னாலே ஓடற ஆளு. கேக்கறியாடி?”

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாதது அவருக்கு வழக்கம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

லாரி டயர் வெடித்ததைப் போல ஒரு சத்தம். திரும்பியபோது வெயிலையும் மீறி ஒரு வெள்ளை வெளிச்சம். குழாய் கம்பிக்கும் கிளைக்கும் நடுவில் சாய்ந்திருந்தது. சலேத்தக்கா கோலைப் பிடித்தபடி விறைத்து நின்றார். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொடக்கூடாது. யாரையும் நெருங்கவிடக்கூடாது. துணைமின் நிலையத்துக்குப் போன் செய்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். வரிசை மாறாமல் எல்லாம் தெரியும். கையில் போன் இருந்தது. என் விரல் நகரவில்லை. என் கால் நகரவில்லை. நான் வெறுமனே நின்றேன்.

நாலாவது மரத்திலிருந்து மாதம்மாக்கா ஓடி வந்தார். “சலேத்து! அடியே சலேத்து!” என்று கத்திக்கொண்டே, மூங்கில் கோலை ஓங்கிக் குழாயை அடித்தார். ஒரு அடி, இரண்டாவது அடி. குழாய் சறுக்கி விழுந்தது. சலேத்தக்காவும் விழுந்தார். அந்த மின்னழுத்தத்துக்கு மூங்கிலும் காவல் இல்லை. மாதம்மாக்காவும் செத்திருக்கலாம். நன்றாகக் காய்ந்த கோல், அது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யாரும் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் அன்று அந்தத் தோப்பில் ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.

கிரேட் ஏற்றிய சின்ன வண்டியிலேயே கிருஷ்ணகிரிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் தருமபுரிக்கும் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. இடது பாதத்தில், மின்சாரம் வெளியேறிய இடத்தில், ஆறாத புண். அன்று காலையில் நடந்தது எதுவும் சலேத்தக்காவுக்கு நினைவில்லை. கோலை இழுத்து நீட்டியதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் நாகராஜ் சார் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். நான் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். முதல்முறையாக அவர் நான் கடிப்பதற்காகக் காத்திருக்கவில்லை.

“ரிப்போர்ட் எழுதணும். உனக்குத்தான் நல்லா எழுத வரும்.” பென்சிலை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். “பாக்கறவ எங்க இருந்தா?”

அவ்வளவுதான் கேட்டார். இதை எழுது என்று சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. அதனால்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வரியை நானாகவே எழுதினேன். ‘உடன் பணிபுரிந்த மாதம்மாள் என்பவர் யாரிடமும் தெரிவிக்காமல் தாமாகவே அவ்விடத்தை விட்டு அகன்றதே விபத்துக்குக் காரணமாகும்.’ ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சார் படித்துவிட்டு, “சரியா இருக்கு,” என்றார். கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டின் முதல் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு சலேத்தக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாதம்மாக்கா சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். விபத்து நடந்ததிலிருந்து தினமும் அவர்தான்.

“இவ கையால தின்னா உப்பே இருக்க மாட்டேங்குது பாப்பா.”

“கை இல்லாதவளுக்கு வாய் மட்டும் இருக்குது பாரு,” என்றார் மாதம்மாக்கா. இருவரும் சிரித்தார்கள். அதிர்ச்சியாக இருந்தது. இந்த நிலையில் சிரிக்க முடியுமா என்று.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அன்று ஒரு உறை வந்திருந்தது. சலேத்தக்காவின் மகள் பிளஸ் டூ படிப்பவள், பெயர் ஜெனிஃபர். “அக்கா வந்திருக்குது, தப்பில்லாம படி,” என்று அம்மா சொல்ல, அவள் எழுந்து நின்று, வகுப்பில் வாசிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அது என் ரிப்போர்ட்டின் நகல் என்று எனக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. ‘தாமாகவே அவ்விடத்தை விட்டு’ என்று அவள் வாசித்தபோது மாதம்மாக்காவின் கை, சோற்றோடு, சலேத்தக்காவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

“அகன்றதேன்னா என்னாடி?” என்று மகளிடம் கேட்டார் சலேத்தக்கா.

“விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்மா.”

மாதம்மாக்கா என்னைப் பார்த்தார். “பாப்பா, நீதான போகச் சொன்ன?”

தோப்பில் கால் நகராததைப் போலவே நாக்கும் நகரவில்லை. ஒரு பெண் என்னைக் காப்பாற்று என்று கேட்கும்போது இரண்டாவது முறையாக நான் நின்றேன்.

“ஏண்டி போன?” என்று சலேத்தக்கா மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “நீ இருக்கிறேன்னு நெனச்சிதான நான் மேல பாத்துட்டு இருந்திருப்பேன்.”

மாதம்மாக்கா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார். தட்டைக் கீழே வைத்தார். “எழுத்துல இருக்குதே. நான் என்னா சொன்னாலும் என்னா,” என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அந்த வாசலை அவர் மிதிக்கவில்லை. பின்னால் தெரிந்தது, தெருவில் குழாயடியில்கூட அவரோடு யாரும் சேர்ந்து நிற்கவில்லையாம். கூட வந்தவளை விட்டுவிட்டுப் போனவள். எங்கள் பக்கத்தில் அதைவிடக் கெட்ட பெயர் ஒரு பெண்ணுக்கு இல்லை.

அடுத்த சீசன் தொடங்கியது. ஒரு காலை போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் மாதம்மாக்காவைப் பார்த்தேன். நீலச் சீருடை, கழுத்தில் அட்டை. தொழிற்பேட்டையில் தரை துடைக்கும் வேலை என்றார்.

“கோல்?”

“வூட்ல நிக்குது. வலை அவ வூட்ல. எதுக்கு ஆவும்?” அட்டையைத் தூக்கிக் காட்டினார். “இதுல யாரும் கூட வேணாம் பாப்பா. ஒண்டியா போறேன், ஒண்டியா வரேன். நீ சொன்ன மாதிரியேதான்.”

குத்திக் காட்டச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். மூன்றாவது முறை நிற்கிறோம் என்று உறைத்தது.

அன்றே நாகராஜ் சாரிடம் போனேன். டப்பாவைத் திறந்தார். நான் எடுக்கவில்லை. அந்த ரிப்போர்ட் பொய், மாற்றி எழுதித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

“விசாரணையில கேப்பாங்க டிப்ளமோ. அப்ப எழுதினது பொய்யா, இப்ப எழுதறது பொய்யான்னு.”

“அப்ப எழுதினது சார்.”

“உன் மேலதான் வரும்.”

“என் மேலதான் சார் வரணும். கொஞ்சம் உங்க மேலயும்.”

அவர் டப்பாவை மூடினார். அதுவரை அவர் மூடி நான் பார்த்ததில்லை. விலகல் கடிதத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் மூவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அலுமினியக் கோல்கள் இன்னும் ஸ்டோரில், ரேக்குக்குப் பின்னால் சுருட்டிய தார்ப்பாயில் இருக்கின்றன. யார் சொன்னாலும் வெளியே எடுக்காதீர்கள். தோப்புக்குள் நுழைந்தால் காயைப் பார்க்கும் முன் கம்பியைப் பாருங்கள். இடுப்பில் கை வைத்து ஒருத்தி நின்றால், அவள் என்ன பார்க்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள். நான் ஒன்பது சீசனில் ஒரு முறையும் கேட்கவில்லை.

புது வாக்குமூலம் மூன்று பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் முதலில் பஸ் நிற்கும் இடத்துக்குத்தான் போனேன். மாதம்மாக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்களும் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “என் பேரு எங்க இருக்குது?” என்றார். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்தார்.

“உம் பேரு?”

அடுத்த வரியில் காட்டினேன். விரலை நகர்த்தி அதன்மேலும் வைத்தார்.

“கரண்டு படிச்ச புள்ளைக்கு இப்பத்தான் வேல வந்துருக்குது,” என்றார். சிரிக்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் இருந்தவர் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க மேலயே நீங்க குத்தம் சொல்றீங்க. புரிஞ்சுதான் குடுக்கறீங்களாம்மா?” புரிந்துதான் என்றேன். முத்திரை குத்தி ஒரு நகலைத் தந்தார்.

நகலை எடுத்துக்கொண்டு நேராகச் சலேத்தக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு மேலே ஆணியில் வலை தொங்கிக்கொண்டிருந்தது. ஜெனிஃபர் கதவருகே நின்றாள். அவள் கையில் தாளைக் கொடுத்து, “அன்னிக்கு மாதிரியே நின்னுட்டு, சத்தமா படி. தெருவுக்குக் கேக்கணும்,” என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, நேராக நின்று, நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தாள்.

“மாதம்மாள் தாமாகப் போகவில்லை. அவரை அனுப்பியது நான்.”